இலவச சைக்கிள் வந்துவிட்டது, அது போக வழி?

வாசகர் கேள்வி, 5 அக்டோபர் 2025

சைக்கிளுக்குத் தனிப்பாதை, தனி நிதி என்று எதற்கு அரசு செலவு செய்ய வேண்டும்? இன்றைக்கு யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? எங்கள் தெருவில் உடம்பைக் குறைக்க ஓட்டுகிற இரண்டு பேரைத் தவிர யாரையும் காணோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

5 அக்டோபர், இரவு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். உங்கள் தெருவில் காணோம் என்றால் காலை எட்டேகாலுக்கு எங்கள் பள்ளி வாசலில் வந்து நில்லுங்கள். என் பதினொன்றாம் வகுப்பில் 38 பேர். அதில் 21 பேர் சைக்கிளில்தான் வருகிறார்கள்.

2011 கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று கேட்டார்கள். நாடு முழுக்க 13.1 சதவீதம் பேர் சைக்கிள் என்றார்கள். மொபெட், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்த்தே 12.7 சதவீதம்தான். சைக்கிளில் போகிறவர் விடிகாலையில் கட்டடவேலைக்குப் போய்விடுகிறார், பொழுது சாய்ந்து திரும்புகிறார். நாம் பார்க்கிற நேரத்தில் அவர் சாலையில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மிதிக்கிற சைக்கிளுக்கு 12 சதவீதம். புகையே விடாத வண்டிக்குக் கூடுதல் வரி போட்டுவிட்டு, அரசு சைக்கிளுக்குச் செலவு செய்கிறது என்று எப்படிச் சொல்வது?

6 அக்டோபர்

மேலே வரியைப் பற்றி எழுதியது தவறு. ஒரு வாசகர் திருத்தினார். செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் 5 சதவீதம்தான். நான் பழைய கணக்கிலேயே இருந்திருக்கிறேன். ஆனால் 2019 ஆகஸ்டில் மின்சார வண்டிக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைத்தபோது சைக்கிளை விட்டுவிட்டார்கள். ஆறு வருடம் அப்படியே கிடந்தது. குறைத்தது நல்லது. தாமதத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

6 அக்டோபர், பிற்பகல்

"2011 கணக்கு பழையது, அதற்குப் பிறகு எல்லாரும் பைக் வாங்கிவிட்டார்கள்" என்கிறார் கேள்வி கேட்டவர். பைக் வாங்கியது உண்மை. ஆனால் சைக்கிளை யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியக் குடும்பங்களில் பாதிக்குச் சற்று மேல், 50.4 சதவீதம், வீட்டில் சைக்கிள் இருக்கிறது என்று சொல்லியிருக்கின்றன. மேற்கு வங்கத்தில் 78.9.

வீட்டில் இருப்பதும் ஓட்டுவதும் ஒன்றல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் 2008-ல் எடுத்த கணக்கில் மொத்தப் பயணங்களில் சைக்கிள் 6 சதவீதம்தான். 1990-களின் தொடக்கத்தில் அது 14 போல இருந்தது. இதைப் பார்த்து "யாரும் ஓட்டுவதில்லை, பாதை எதற்கு" என்கிறார்கள். ஆற்றைக் கடக்க யாரும் நீந்திப் போவதில்லை, அதனால் பாலம் வேண்டாம் என்று சொல்வோமா?

8 அக்டோபர்

கொஞ்சம் வீட்டுக் கதை. இது இல்லாமல் நான் ஏன் இந்த விஷயத்தில் இவ்வளவு பேசுகிறேன் என்பது புரியாது.

எங்கள் அம்மா 1992-ல் சைக்கிள் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது, நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த நேரம் அது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்து வைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் தானாக நாலு இடம் போய்வரவும் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சாயங்காலம் பள்ளித் திடலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தி ஏறுவாள், இருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். விழுந்தால் எல்லாருமாகச் சிரிப்பார்கள். அம்மா முதல் வாரம் முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்தார். அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை, மஞ்சள் அரைத்துக் கொடுத்தார்.

லேடீஸ் சைக்கிள் அப்போது கிடைக்காது. எல்லாரும் பார் வைத்த பெரிய சைக்கிளில்தான் கற்றார்கள். அப்புறம் அதுவே நல்லது என்று சொல்ல ஆரம்பித்தார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! அந்தப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பின்னால் கேரியரில் இரண்டு தண்ணீர்க் குடம், முன்னால் நான். அந்த வருடத்து மகளிர் வாரத்தில் மாவட்டம் முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூ விற்கிறவர்கள்.

அம்மாவுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டேன். "பஸ்ஸுக்காகக் காத்து நிக்கிற நேரம் மிச்சம், உங்கப்பாவைக் கேட்டு நிக்கிற நேரமும் மிச்சம்" என்றார்.

அந்த முயற்சிக்கு அரசு கொட்டிய பணம் பெரிதல்ல. திடல், தொண்டர்கள், சைக்கிள் வாங்கக் கடன், மேலே ஒரு அதிகாரியின் பிடிவாதம். அரசு ஆதரவு என்றாலே கோடிக்கணக்கில் கான்கிரீட் என்று நினைக்க வேண்டியதில்லை.

12 அக்டோபர்

மதுரை வாசகர் ஒருவர் சென்னையின் கொள்கையை எடுத்துக்காட்டியிருக்கிறார். 2014-ல் சென்னை மாநகராட்சி, மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் என்று அதில் இருக்கிறது. கால்வைத்து நடக்கிறவர்தான் நகரத்தில் அதிகம் என்று காகிதத்தில் ஒப்புக்கொண்ட இந்திய நகரங்களில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரை அகல நடைபாதையாக்கியது அந்த வழியில் வந்ததுதான். போன மே மாதம் அங்கே போயிருந்தேன். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி கடை கடையாகப் பார்த்துக்கொண்டே போனார். இருபது வருடம் முன்பு அதே தெருவில் நானே இடிபடாமல் நடந்ததில்லை.

ஆனால் அங்கேயும் சைக்கிளுக்கு இடம் சொற்பம். அகல நடைபாதை கிடைத்தது, சைக்கிள் பழையபடி கார்களுக்கு நடுவில். நடப்பவரையும் சைக்கிளையும் ஒரே மூட்டையில் கட்டினால் சைக்கிள்தான் அடியில் போகிறது. எனக்குத் தனிப்பாதைதான் முதல் தேவை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

13 அக்டோபர்

"தில்லியில் போட்டார்களே, என்ன ஆயிற்று?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-ல் பேருந்துக்குத் தனித்தடம் போட்டபோது ஓரத்தில் சைக்கிள் பாதையும் போட்டார்கள். பைக்குகள் புகுந்தன. காரில் போகிறவர்களின் எதிர்ப்பு ஓயவே இல்லை. 2016-ல் பெயர்த்துவிட்டார்கள். ஆறு கிலோமீட்டர் பாதை தனித்தீவு மாதிரி. அதை விட்டு இறங்கியதும் மறுபடி கடல்தான். அதற்காகப் பாதையே தப்பு என்று ஆகாது.

17 அக்டோபர்

ஐந்து நாள் முன்பு தனிப்பாதைதான் முதல் தேவை என்று எழுதினேன். இன்றைக்கு எனக்கு அது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

என்ன நடந்ததென்றால், எங்கள் பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு, என் வகுப்புப் பெண்கள் நான்கு பேரோடு சாயங்காலம் சைக்கிளிலேயே போனேன். முதல் நான்கு கிலோமீட்டர் ஊராட்சிச் சாலை. குளத்துக் கரை, புளியமரம், எதிரில் இரண்டு டிராக்டர். அங்கே பாதையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் கதை பேசிக்கொண்டே ஓட்டினார்கள். அப்புறம் நெடுஞ்சாலை. அதில் போக வேண்டிய தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அந்த இடம் வந்ததும் நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரும் சொல்லாமலே ஒற்றை வரிசை ஆனார்கள்.

தார் முடிகிற இடத்துக்கும் மண்ணுக்கும் அரையடிப் பள்ளம். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்க வேண்டும். இறங்கினால் சக்கரம் சறுக்கும், மறுபடி ஏற முடியாது. மண்ணிலும் சீமைக்கருவேல் வளைந்து வந்து கையைக் கிழிக்கிறது. மழை பெய்திருந்ததால் பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. ஒரு பெண் இறங்கி உருட்டிக்கொண்டே நடந்தாள். "தினமும் இப்படித்தான் டீச்சர், இந்த இடம் மட்டும் உருட்டிட்டுப் போயிருவேன்" என்றாள். அவள் அப்பா போன வருடமே சைக்கிள் வேண்டாம், படிப்பை நிறுத்திக்கொள் என்றாராம். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தத் துண்டுக்காக.

நாளை பாடத்தில் இயக்க ஆற்றல் வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. பதினைந்து வருடமாகப் பலகையில் எழுதுகிறேன். இன்றைக்கு முதுகில் உணர்ந்தேன்.

17 அக்டோபர், பின்னிரவு

எழுத மறந்தது: அந்த நான்கு சைக்கிளிலும் விளக்கு இல்லை. டைனமோ போன காலத்தோடு விளக்கும் போய்விட்டது. சிறப்பு வகுப்பு முடிந்து கிளம்பும்போது இருட்டத் தொடங்கிவிடுகிறது.

23 அக்டோபர்

தீபாவளி விடுமுறையில் இந்த இழையில் வெயிலைப் பற்றி நிறைய வந்திருக்கிறது. "நம்ம ஊர் வெயிலில் யார் மிதிப்பார்கள், இதெல்லாம் குளிர்நாட்டு யோசனை."

ஸ்பெயினில் செவில்லே என்ற நகரம் இருக்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர். முன்பு சைக்கிள் அங்கே ஏறக்குறைய இல்லை. 2006-லிருந்து சில வருடங்களிலேயே சுமார் 80 கிலோமீட்டர் பாதையை, கார் நிறுத்துகிற இடத்தை எடுத்து, விளிம்பு கட்டிப் பிரித்து, ஒன்றோடொன்று இணைத்துப் போட்டார்கள். சைக்கிள் பயணம் பல மடங்கு ஏறியது. தில்லிக்கும் செவில்லேக்கும் உள்ள வேறுபாடு அந்த "ஒன்றோடொன்று இணைத்து" என்பதில்தான் இருக்கிறது.

சைக்கிளுக்குப் பெயர்போன நெதர்லாந்தும் பிறவியிலேயே அப்படி இல்லை. 1971-ல் அங்கே சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. பெற்றோர் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் அரசு திரும்பிப் பார்த்தது. நம் நாட்டில் 2022-ல் மட்டும் சாலையில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். அதில் நடந்து போனவர்கள் 32,825. நமக்கு அப்படி ஒரு கோபம் ஏன் வரவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

வெயிலுக்கு விடை மரம். புளியமரங்களை வெட்டி அகலப்படுத்திய சாலையில் நின்றுகொண்டு வெயில் என்று சொல்வது நியாயமில்லை.

2 நவம்பர்

இலவச சைக்கிளைப் பதினொன்றாம் வகுப்பில் கொடுப்பது தாமதம் இல்லையா என்று ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் சுருங்கியது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். மேற்கு வங்கத்தில் 2015 முதல் ஒன்பதிலிருந்தே கொடுக்கிறார்கள். அங்கே 78.9 சதவீத வீடுகளில் சைக்கிள் இருப்பதில் இதற்கும் பங்கிருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் நம்மிடம் உயர்நிலைப் பள்ளி பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. பத்தாவது முடித்துப் பிளஸ் ஒன் சேரும்போதுதான் தூரம் கூடுகிறது, அங்கேதான் பெண்கள் படிப்பை நிறுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தை 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கியபோதே பதினொன்றைத் தேர்ந்தெடுத்தது காரணத்தோடுதான். எனவே "தாமதம்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். பள்ளி தூரமாக இருக்கிற மலைக் கிராமங்களுக்கு மட்டும் ஒன்பதிலேயே கொடுக்கலாம்.

15 நவம்பர்

பஸ் பற்றிய வாக்குவாதம் சூடாகிவிட்டது. "மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ், 2021 மே முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமே இல்லை, பிறகு சைக்கிள் எதற்கு?" என்கிறார்கள்.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். கட்டணமில்லாப் பேருந்து எங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்ன செய்தது என்று நான் கண்ணால் பார்த்தவள். என் சித்தி வாரம் இரண்டு முறை டவுன் சந்தைக்குப் போய் வருகிறார், முன்பெல்லாம் மாதம் ஒரு முறை. அதுவும் புகையைக் குறைக்கிற பயணம்தான். ஐம்பது பேர் ஒரு வண்டியில் போகிறார்கள்.

ஆனால் பஸ் எங்கே நிற்கிறது? பிரிவுச் சாலையில். அங்கிருந்து ஊர் மூன்று கிலோமீட்டர். இருட்டில் அந்த மூன்று கிலோமீட்டரைக் கடக்கத்தான் அண்ணன் பைக்கோடு வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அண்ணன் வரவில்லை என்றால் மறுநாள் கல்லூரி இல்லை. பிரிவுச் சாலையில் ஒரு கூரை, ஒரு விளக்கு, சங்கிலி போட்டுப் பூட்ட நாலு கம்பி இருந்தால் சைக்கிளை அங்கே விட்டுவிட்டு பஸ் ஏறலாம். இப்போது டீக்கடை அண்ணாச்சி தயவில் ஏழெட்டு சைக்கிள் நிற்கின்றன. அவர் கடையைச் சாத்தினால் அதுவும் போச்சு.

பாதையைவிட இந்தக் கூரை அவசரம் என்று இப்போது தோன்றுகிறது. இந்த இழையில் இது எனக்கு இன்னொரு மனமாற்றம்.

16 நவம்பர்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய வாசகருக்கு நன்றி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெட்ரோலே இல்லாதபோது ஊர் முழுக்கச் சைக்கிளில் ஓடியதையும், 2022-ல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது மூலையில் கிடந்த சைக்கிள்களை மறுபடி தேடி எடுத்ததையும் எழுதியிருக்கிறார். தட்டுப்பாடு வந்தால்தான் சைக்கிள் ஞாபகம் வர வேண்டுமா என்ற அவர் கேள்வி மனதில் நிற்கிறது.

7 டிசம்பர்

சைக்கிள் கடை பாய் சொன்னதை எழுதாமல் விட்டால் இந்த இழை முழுமையாகாது. எங்கள் பள்ளிக்கு எதிரில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறார். முன்பு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார். நானே அவரிடம் ஐம்பது பைசா கொடுத்துக் குரங்கு பெடல் போட்டவள்.

புதுச் சைக்கிள்கள் பள்ளித் திடலில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுக்கப்பட்டதும் பிள்ளைகள் நேரே அவரிடம்தான் வருவார்கள். பேரிங்குக்கு கிரீஸ், சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, நட்டெல்லாம் ஒரு சுற்று முறுக்குவது. இருநூறு ரூபாய் ஆகும். அதைக் கொடுக்க முடியாத பிள்ளை அப்படியே ஓட்டும், ஆறு மாதத்தில் சக்கரம் ஆடும், பிறகு மூலையில் சாயும். "சைக்கிள் கெட்டுப் போறதில்லம்மா, முதல் பஞ்சரை ஒட்டாம விடுறதுதான்" என்றார் பாய். அவர் மகன் செல்போன் கடை வைத்துவிட்டார். பாய்க்குப் பிறகு எங்கள் ஊரில் கோட்டம் எடுக்க ஆள் இல்லை.

கொடுக்கிற சைக்கிளோடு ஒரு வருடத்துக்கு மூன்று முறை பழுதுபார்க்க ஒரு சீட்டும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? பணம் இந்த மாதிரி உள்ளூர்க் கடைகளுக்குப் போகும். தொழிலும் நிலைக்கும், சைக்கிளும் நிற்காமல் ஓடும். ஒரு பம்ப்பும் நாலு ஸ்பானரும் பள்ளியிலேயே வைக்கலாம். இதை எங்கள் தலைமையாசிரியரிடம் சொன்னேன், சரி என்றார். பம்ப் வாங்கியாகிவிட்டது. பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பிள்ளைகளுக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுத்தருகிறார். பெண்கள்தான் அதிகம் உட்காருகிறார்கள்.

8 டிசம்பர்

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது காலை எட்டேகாலுக்கு ஏதாவது ஒரு பள்ளி வாசலில் நின்று பார்க்கிறேன் என்கிறார். விடுமுறையில் பள்ளி இருக்காது. அதற்கு முந்தைய நாள் போங்கள்.

4 ஜனவரி 2026

மனு எழுதியாகிவிட்டது. ஜனவரி 26 கிராம சபையில் வைக்க ஒன்று, சாலையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு ஒன்று. முதலில் நான் எழுதியதில் கொள்கை, ஆய்வு, செவில்லே எல்லாம் இருந்தது. என் வகுப்புப் பெண்கள் படித்துவிட்டு எல்லாவற்றையும் அடித்தார்கள். அவர்கள் எழுதியது இது:

"பிரிவுச் சாலையிலிருந்து எங்கள் ஊர் வளைவு வரை தார் விளிம்பை மண் போட்டுச் சமப்படுத்த வேண்டும். இரண்டு பக்கமும் கருவேலை வெட்ட வேண்டும். வளைவில் வேகத்தடையும் ஒரு விளக்கும் வேண்டும். பஸ் நிற்கும் இடத்தில் சைக்கிள் நிறுத்தக் கூரை வேண்டும். அந்த இடத்தில் மட்டும் நாங்கள் தினமும் இறங்கி உருட்டுகிறோம்."

21 கையெழுத்து. அம்மா கேட்டு வாங்கி 22-ஆவதாகப் போட்டார்.